பாதி உரையாடல்

2006 மார்ச் 31 அன்று நியூயார்க் மாநகராட்சி வெளியிட்ட ஒலிப்பதிவுகளில் ஒரு முனையின் குரல் மட்டுமே கேட்டது. 2001 செப்டம்பர் 11 காலை, உலக வர்த்தக மையக் கோபுரங்களில் சிக்கியவர்கள் 911 என்ற அவசர எண்ணை அழைத்துப் பேசியவை அவை. ஏறக்குறைய 130 அழைப்புகள். பதில் சொன்ன ஊழியரின் பேச்சு அப்படியே இருந்தது. உதவி கேட்டவரின் பேச்சு நீக்கப்பட்டிருந்தது.

‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேடு தொடுத்த வழக்கில், 2005-இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கிழித்த கோடு இது. அரசு ஊழியர் என்ன சொன்னார் என்று அறிய மக்களுக்கு உரிமை உண்டு. அழைத்தவரின் கடைசி நிமிடங்களோ உறவினரின் துயரத்தோடு சேர்ந்தவை. வெளியிடச் சொல்லி வழக்கில் சேர்ந்திருந்த எட்டுக் குடும்பங்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

அந்தப் பாதிப் பேச்சே போதுமான அளவு சொன்னது. தீயணைப்பு வீரர்கள் வரும்வரை இருந்த இடத்திலேயே காத்திருக்கும்படி பலருக்கு அறிவுரை போயிருந்தது.

சில நேரம் அழைப்பில் பதிவான குரலே வழக்கின் போக்கை மாற்றிவிடுகிறது. 2012 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டு நகரில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயது கறுப்பினச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் கைதாகவில்லை. அடுத்த மாதம், அக்கம்பக்கத்தார் போலீசை அழைத்த பதிவுகள் வெளியாயின. பின்னணியில் ஓர் அலறல், பிறகு துப்பாக்கிச் சத்தம். நாடே கொதித்தது. ஏப்ரலில் சுட்டவர் மீது கொலை வழக்குப் பதிவானது. 2013-இல் அவர் விடுதலையானார்.

கனெக்டிகட்டின் நியூடவுன் பள்ளியில் 2012 டிசம்பரில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டபோது, பதிவுகளை வெளியிடலாமா என்ற கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. 911 பதிவுகளைத் தர அரசு வழக்கறிஞர் மறுத்தார். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விடவில்லை. காவல்துறை எப்படிச் செயல்பட்டது என்று மக்கள் எடைபோட வேண்டும் என்றது நீதிமன்றம். 2013 டிசம்பர் 4 அன்று பதிவுகள் வெளியாயின. சில தொலைக்காட்சிகள், கையில் கிடைத்தும், ஒலிபரப்பவில்லை.

911 பதிவுகளை வெளியிடுவதற்கு அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான ஒரே சட்டம் கிடையாது. ஒஹையோவில் இவை பொது ஆவணங்கள். ஃபுளோரிடாவில் அழைத்தவரின் அடையாளத்தை மறைத்துவிட்டுத் தருவார்கள். அலபாமாவிலோ, 2010-இல் வந்த சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒலிப்பதிவு வெளியே வராது. முதல் 911 அழைப்பு, 1968 பிப்ரவரி 16 அன்று, இதே அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில்தான் மணியடித்தது.