ஒரு புள்ளி பிசகினால்...

கணினியில் பாட்டுக் கேட்பதற்கான 'வினாம்ப்' என்ற மென்பொருள் 1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் தோற்றத்தை மாற்ற விரும்பியவர்கள், மரப்பெட்டி போலவோ விண்கலம் போலவோ படம் வரைந்து அதன்மேல் போர்த்தினார்கள். இந்தப் போர்வைக்கு 'ஸ்கின்', அதாவது தோல் என்று பெயர். நிரல் எழுதத் தெரியாதவர்களும் தோல் வரைந்தார்கள். அது எப்படி முடிந்தது தெரியுமா?

திரையில் தெரியும் படம் பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளால் ஆனது. வினாம்பின் முதன்மைச் சாளரம் 275 புள்ளி அகலமும் 116 புள்ளி உயரமும் கொண்டது. ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் இரண்டு எண்கள் குறிக்கும். கணக்கு வகுப்பில் நீங்கள் வரையும் வரைபடத்தில் y அச்சின் எண்கள் மேல்நோக்கி வளரும் அல்லவா? இங்கோ ஆதிப்புள்ளி இடது மேல் மூலை; எண்கள் கீழ்நோக்கி வளரும். பழைய படக்குழாய்த் திரைகளில் எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக, வரிவரியாகவே படத்தை வரைந்தது. அதே வரிசைதான் இதுவும்.

பாட்டை இயக்கும் 'பாடு', 'நிறுத்து' போன்ற பொத்தான்கள் 136 புள்ளி அகலமும் 36 புள்ளி உயரமும் உள்ள ஒரே படத்தில் இருக்கும். மேல் வரிசையில் சாதாரண நிலை. கீழ் வரிசையில் அழுத்திய நிலை. முதல் நான்கு பொத்தான்கள் 23 புள்ளி அகலமும் 18 புள்ளி உயரமும் உடையவை. 'பாடு' பொத்தான் இரண்டாவது. ஆகவே அது (23, 0) என்ற இடத்தில் தொடங்குகிறது. நிரல் அந்தத் துண்டை வெட்டி, சாளரத்தில் (39, 88) என்ற இடத்தில் ஒட்டுகிறது. நீங்கள் அதை அழுத்தினால் (23, 18)-இல் தொடங்கும் துண்டை அதே இடத்தில் ஒட்டும். பொத்தான் உள்ளே அமுங்கியதாக நம் கண் நம்பிவிடும்!

நிரலுக்குக் கண் இல்லை. அது எண்களை மட்டுமே அறியும். ஓவியர் ஒரு பொத்தானை ஒரே ஒரு புள்ளி வலப்புறம் தள்ளி வரைந்தாலும், அதன் வலது ஓரம் வெட்டுப்படும். அந்த ஓரம் அடுத்த பொத்தானில் கோடாக ஒட்டிக்கொள்ளும். ஓவியரும் நிரலரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இருவரையும் இணைத்தவை இந்த அளவுகளே. நிறமும் வடிவமும் ஓவியர் விருப்பம். அளவும் இடமும் இருவருக்கும் பொது.

நீங்களும் செய்து பாருங்கள். மில்லிமீட்டர் வரைபடத்தாளில் ஒரு மில்லிமீட்டரை ஒரு புள்ளியாகக் கொண்டு 136 × 36 அளவில் செவ்வகம் வரையுங்கள். நான்காவது பொத்தானான 'நிறுத்து', அழுத்திய நிலையில் எங்கே தொடங்கும்?

(விடை: 69, 18)