சாலையின் பாதம் நனையலாகாது!

பெருமழை ஓய்ந்த மறுநாள் தி. நகரிலோ, மயிலாப்பூரிலோ, அடையாற்றிலோ ஒரு தெருவில் நடந்து பாருங்கள். நேற்று வரை வழவழப்பாக இருந்த சாலையில் இன்று ஒரு பள்ளம். சுற்றிலும் ஜல்லிக் கற்கள் சிதறிக் கிடக்கின்றன. "தார் சரியில்லை" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். ஆனால் நோய் பெரும்பாலும் தாரில் இல்லை. அதற்குக் கீழே இருக்கிறது.

2015ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. நகரின் மண் முழுதும் ஊறிவிட்டது. அது காய்வதற்குள் டிசம்பர் முதல் நாள் மீண்டும் பேய் மழை! தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. பெய்தது. அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தின் மேலேயே வெள்ளம் பாய்ந்தது. கோட்டூர்புரம் பாலத்திலும் போக்குவரத்து நின்றது. நோயாளிகளை ஏற்றிய ஆம்புலன்ஸும், படகுகளைச் சுமந்த லாரியும் மீதமிருந்த சாலைகளைத்தான் நம்பியிருந்தன.

வேறு நாடுகளில் இதே நிலை நெருப்பால் வருகிறது. 2018 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. வெளியேறும் சாலைகள் சிலவே. அவற்றில் வண்டிகள் நெரிசலில் சிக்கின. அந்தத் தீயில் 85 பேர் மாண்டனர். வெள்ளமானாலும் தீயானாலும் தப்பிக்கும் வழி சாலைதான். ஆகவே ஒரு புயல் கெடுத்த சாலை, அடுத்த ஆபத்துக்கு முன் எழுந்து நிற்க வேண்டும். அது எப்படி என்று பார்ப்போமா?

பாரத்தைத் தாங்குவது யார்?

சாலையை வெட்டிப் பார்த்தால் அடுக்குகள் தெரியும். அடியில் இயற்கை மண். அதன் மேல் கிராவல். அதன் மேல் ஜல்லி. உச்சியில் சில சென்டிமீட்டர் கனமுள்ள தார்க் கலவை. சக்கரத்தின் பாரம் மேலே உள்ளங்கையளவு இடத்தில்தான் விழுகிறது. ஒவ்வோர் அடுக்கும் அதை இன்னும் அகலமான பரப்பில் பரப்பிக் கீழே அனுப்புகிறது. கடைசியில் பாரத்தைத் தாங்குவது மண்தான்!

ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் மக்காடம் (1756–1836) இதைத்தான் வற்புறுத்தினார். மண் உலர்ந்திருந்தால் எந்த வண்டியையும் தாங்கும், நனைந்தால் தாங்காது. ஆகவே மண்ணுக்குக் கூரை போடுவதே சாலை போடுவது என்பது அவர் கருத்து.

நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு தகர டப்பாக்களில் களிமண்ணை இடித்து நிரப்புங்கள். ஒன்றில் மட்டும் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் ஊற விடுங்கள். இரண்டின் மேலும் ஒரு பென்சிலை நிறுத்தி, ஒரே புத்தகத்தால் அழுத்துங்கள். எதில் பென்சில் இறங்குகிறது?

தி. நகரின் பெரும்பகுதி ஒரு காலத்தில் மாம்பலம் ஏரியாக இருந்த இடம். 1920களில் ஏரியைத் தூர்த்து நகர் அமைத்தார்கள். ஏரிக்களிமண் தண்ணீரைக் குடித்து இளகும். பெசன்ட் நகர்ப் பக்கம் கடற்கரை மணல். மணல் இளகாது, ஆனால் ஓடும் நீரோடு நழுவிப் போகும். அப்போது சாலைக்கு அடியில் வெற்றிடம் உண்டாகிறது.

பள்ளம் பிறக்கும் விதம்

சாலையில் மெல்லிய வெடிப்பு இருக்கிறது. அதில் மழைநீர் நிறைகிறது. மேலே பஸ் சக்கரம் ஏறுகிறது. தண்ணீரை எளிதில் அமுக்கிச் சுருக்க முடியாது அல்லவா? எனவே அது பீச்சாங்குழலிலிருந்து வருவதுபோல் பீறிட்டு, நுண்மண்ணையும் வாரிக்கொண்டு வெளியேறுகிறது. இப்படி ஆயிரம் சக்கரங்கள் ஏறினால் அடியில் மண்ணே இல்லை; பள்ளம்தான்! மேலும், கருங்கல் தாரைவிடத் தண்ணீரோடு அதிகம் ஒட்டும் இயல்புடையது. நீர் நுழைந்ததும் தார் கல்லை விட்டு உரிகிறது.

சரி செய்வது எப்படி?

முதல் வேலை தார் ஊற்றுவது அல்ல. தேங்கிய நீரை வடிப்பது. அடுத்து, பள்ளத்தைச் சதுரமாக, ஓரங்கள் செங்குத்தாக இருக்கும்படி வெட்ட வேண்டும். ஊறிய மண்ணை அள்ளி எறிந்து, உலர்ந்த கிராவலையும் ஜல்லியையும் அடுக்கடுக்காக இட்டு இடிக்க வேண்டும். பிறகு ஓரங்களில் தார் பூசி, சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூடான கலவையைப் பரப்பி உருளையால் அழுத்த வேண்டும். ஈரத்தில் கொட்டினால் கலவை விரைவில் ஆறிவிடும், ஒட்டாது. மழை விடாத நாட்களில், தாரை நுண்துளிகளாக நீரில் கலந்த குளிர்கலவை கைகொடுக்கும். அது தற்காலிக மருந்து. வெயில் வந்ததும் முழுச் சிகிச்சை தேவை.

இன்னொரு வழி செலவே இல்லாதது. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. வண்டி அச்சின் பாரம் இரு மடங்கானால், சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது என்று அது காட்டியது. ஆகவே ஊறிய சாலையில் சில நாட்கள் கனரக லாரிகளைத் தடுத்தாலே போதும்; ஆம்புலன்ஸுக்கான வழி பிழைக்கும்.

பழைய தாரின் மேலேயே புதுத் தாரை ஏற்றிக்கொண்டு போனால் சாலை உயரும்; வீடுகள் தாழும்; மழைநீர் வாசலுக்குள் வரும். அதனால்தான் சென்னையில் பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போடும் முறை வந்தது. சாலையின் நடுப்பகுதி சற்று உயர்ந்து, ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2 செ.மீ. வீதம் ஓரங்களுக்குச் சரிய வேண்டும். ஓரத்தில் மழைநீர் வடிகால் அடைப்பின்றி இருக்க வேண்டும். வடிகாலின் வாயில் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் பை, பல லட்ச ரூபாய்ச் சாலையைக் கெடுத்துவிடும்!

அடுத்த மழையின்போது நீங்கள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் நீர் எங்கே தேங்குகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது, எந்த வடிகால் வாய் அடைத்திருக்கிறது என்று எழுதுங்கள். தேங்கிய நீரில் இறங்காமல் வாசலிலிருந்தே பார்த்தால் போதும். பெரியவர் ஒருவர் துணையுடன் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குத் தெரிவியுங்கள். நீர் நின்ற இடத்தில்தான் நாளைய பள்ளம் பிறக்கிறது. அதை முன்கூட்டியே காட்டிக் கொடுத்தால், என்றோ ஒரு நள்ளிரவில் அந்தத் தெரு வழியே விரையும் ஆம்புலன்ஸ் நிற்காமல் போய்ச் சேரும்.