வானிற் பழகும் கை

விழப்போகும் பொருளை மேலே தூக்குதல் மாந்தர்க்கு இயல்பு. இடறி விழும் குழந்தையைத் தாய் கைபற்றித் தூக்குகிறாள்; சரியும் குடத்தை நாம் விரைந்து ஏந்துகிறோம். நிலத்தில் நம்மைக் காக்கும் இவ்வியல்பே வானத்தில் உயிருக்கு இறுதியாய் முடிதல் கூடும். சிறு விமானம் ஓட்டப் பழகும் மாணவன் அறியவேண்டிய முதன்மையான உண்மை இதுவே.

விமானத்தை வானில் தாங்குவது யாது? எஞ்சின் என்பர் பலர். எஞ்சின் விமானத்தை முன்னே செலுத்துகிறது; தாங்குவது இறக்கையே. சற்றே மேல்நோக்கிச் சாய்ந்த இறக்கை காற்றினூடே செல்லும்போது, காற்று அதனைத் தழுவிச் சென்று கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. இறக்கை காற்றைக் கீழே தள்ள, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையேயுள்ள கோணம் மிகுந்தால் தாங்கு விசையும் மிகும். ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. அக்கோணம் ஏறத்தாழ 15 பாகையைக் கடந்ததும், காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து கலங்குகிறது. தாங்கு விசை குன்றுகிறது. இந்நிலையை விமானிகள் 'ஸ்டால்' என்பர். எஞ்சின் நின்றுவிட்டது என்பது இதன் பொருளன்று. எஞ்சின் முழங்கிக்கொண்டிருக்கும்போதே இறக்கை தன் தொழிலை விட்டுவிடுதல் உண்டு.

இரண்டு இறக்கைகளும் ஒரே அளவில் விசை இழப்பதில்லை. ஒன்று மிகுதியாக இழந்தால், விமானம் அப்பக்கம் சாய்ந்து, சிறகுடைய தணக்கின் கனி காற்றில் சுழன்று வீழ்வதுபோல் வீழத் தொடங்கும். இதுவே சுழல்வீழ்ச்சி.

இதனை மனிதன் அறிந்துகொள்ளக் கொடுத்த விலை பெரிது. ஜெர்மனியில் ஓட்டோ லிலியெந்தால் என்பார் நாரைகள் பறத்தலை ஆராய்ந்து, எஞ்சின் இல்லாத மிதவை விமானங்களைத் தாமே அமைத்து, இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட முறை பறந்தார். 1896 ஆகஸ்ட் 9-ஆம் நாள் அவரது விமானம் தாங்கு விசை இழந்து, ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்தது. மறுநாள் அவர் உயிர் நீத்தார்.

1912 ஆகஸ்ட் 25-ஆம் நாள், இங்கிலாந்தில் சாலிஸ்பரி சமவெளியின்மேல் வில்ஃபிரட் பார்க் என்னும் கடற்படை அதிகாரி பறந்துகொண்டிருந்தார். வட்டமிட்டு இறங்கும்போது விமானம் சுழல்வீழ்ச்சியில் சிக்கியது. அவர் கைப்பிடியைத் தம்மை நோக்கி இழுத்தார். சுக்கானையும் சுழலும் பக்கமே திருப்பினார். சுழற்சி நிற்கவில்லை. நிலம் நெருங்கியபோது சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பினார். தரையிலிருந்து ஏறத்தாழ 50 அடி உயரத்தில் விமானம் நேர்ப்பட்டது. நலமே இறங்கிய அவர், நிகழ்ந்தவற்றை வல்லுநர்க்கு முறையாக எடுத்துரைத்தார். 1917-இல் லிண்டமன் என்னும் இயற்பியல் அறிஞர், ஃபார்ன்பரோவில் தாமே விமானமேறி, வேண்டுமென்றே அதனைச் சுழலவிட்டுக் கருவிகளின் அளவுகளைக் குறித்தார். அச்சத்திற்குரியதாயிருந்த ஒன்று, ஆராய்ச்சிக்குரியதாயிற்று.

அவ்வாண்டிலேயே காஸ்போர்ட் என்னும் ஊரில் ஸ்மித்-பாரி என்பார் பயிற்றும் முறையையே மாற்றினார். இடரான நிலைகளை மாணவர் கண்ணிற் படாமல் மறைத்தல் தகாது என்பது அவர் கொள்கை. ஆசிரியர் உடனிருக்க, மாணவனே அந்நிலைகளில் விமானத்தைச் செலுத்தி மீட்கப் பழகினான். எஞ்சினின் இரைச்சலிடையே ஆசிரியர் ஒரு குழாய் வழியே அவனுடன் பேசினார். இன்றும் தனியே பறக்குமுன், ஸ்டாலை உணர்ந்து மீளும் வகையை மாணவர் கற்கின்றனர்.

இத்துணையும் கற்ற பின்னும் விபத்து எங்கே நேர்கிறது? பெரும்பாலும் தரைக்கு அருகில். தனியே பறக்கும் மாணவன் ஓடுபாதையை நோக்கித் திரும்புகிறான். திருப்பம் பிந்திவிட, பாதை ஒருபுறம் விலகுகிறது. அவன் விரைந்து சுக்கானை உட்புறம் அழுத்துகிறான். மூக்கு தாழக் கண்டு கைப்பிடியை இழுக்கிறான். திருப்பத்தில் இறக்கையின் சுமை முன்னமே மிகுந்துள்ளது. 60 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பும் விமானம் தன் எடையைப்போல் இருமடங்கு சுமக்கிறது; நேரே பறக்கும்போது 50 மைல் வேகத்தில் ஸ்டாலாகும் விமானம், அப்போது ஏறத்தாழ 70 மைல் வேகத்திலேயே ஸ்டாலாகிறது. அவன் இழுக்க இழுக்கக் கோணம் எல்லை கடக்க, உள்ளிறக்கை வீழ்கிறது.

மீளும் வழி யாது? எஞ்சின் விசையைக் குறைத்து, இறக்கையின் சாய்வுத் தகடுகளை நடுநிலையில் வைத்து, சுக்கானைச் சுழற்சிக்கு எதிராக அழுத்தி, கைப்பிடியை முன்னே தள்ளுதல் வேண்டும். சுழற்சி நின்றபின் சுக்கானை நேராக்கி, மெல்ல மேலெழும்புதல் வேண்டும். கண்ணெதிரே நிலம் சுழல, மூக்கை நிலம் நோக்கியே தள்ளுதல் எளிதோ? மனம் மறுக்கும், பழகிய கை செய்யும். ஆனால் சில நூறு அடி உயரத்தில், செய்யத் தெரிந்தவர்க்கும் இடம் போதாது. ஆதலின் திருப்பம் பிழைத்தால், இறக்கைகளை நேராக்கி எஞ்சின் விசையைக் கூட்டி, மேலேறி மற்றுமொரு சுற்றுச் சுற்றி வருதலே அறிவுடைமை. மறுமுறை சுற்றி வருதல் இழுக்கன்று.

இயல்பாய் எழும் அச்சத்தைக் கல்வி அழிப்பதில்லை. அச்சம் எழும் அந்நொடியிலும் கை செய்யவேண்டியதைச் செய்யுமாறு அதனைப் பழக்குகிறது. அவ்வாறு பழகிய கையே வானத்தில் துணையாகும்.