உங்களுக்குத் தெரியுமா? பதற்றத்துக்கு ஆயிரம் ஆண்டு பழைய மருத்துவ நூல்

காரணமில்லாமல் வரும் அச்சத்துக்கும் படபடப்புக்கும் சிகிச்சை உண்டு என்று 1,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார் முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ (மறைவு: 934). உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்தே அவர் நூல் செய்தார்.

• அவர் சொன்ன வழி இன்றும் உதவும்: அவசரத்துக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே தைரியம் தரும் எண்ணங்களைச் சேர்த்து வையுங்கள், திடீர்க் கலக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். திக்ரையும் குர்ஆன் வசனங்களையும் முன்கூட்டியே மனனம் செய்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

• திருவனந்தபுரம் பீமாபள்ளி தர்காவுக்கு மதம் பாராமல் மக்கள் ஆறுதல் தேடி வருகிறார்கள். அதே ஊரில், ஊளம்பாறையில், 1870-இல் தொடங்கிய அரசு மனநல மையமும் இருக்கிறது: ஆறுதலும் சிகிச்சையும் ஒரே ஊரில்.

• நம்பிக்கை மட்டும் போதும் என்று விட்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்துவரப்பட்டவர்கள் இருந்த காப்பகம் ஒன்று 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டார்கள். பலி 28. பிறகு அங்கே துவாவோடு மருந்தும் தரும் 'தவா-துவா' திட்டம் வந்தது.

துவாவை விடாதீர்கள். படபடப்பு அடங்கவில்லையா? 14416-ஐ அழையுங்கள்: அரசின் டெலி மானஸ் சேவை, 24 மணி நேரமும், கட்டணமின்றி.