எங்க ஊருக்கு வரலாறு இருக்கா சார்?

ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் முதல் பாடம் ‘வரலாறு என்றால் என்ன?’. அதை நடத்தி முடித்த அன்று, போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையடிவாரத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள். “சார், கீழடிக்கு வரலாறு இருக்கு. தஞ்சாவூருக்கு இருக்கு. எங்க ஊருக்கு இருக்கா?”

“எல்லா ஊருக்கும் இருக்கும்மா” என்றேன்.

“எங்க ஊருக்கு என்ன சார் இருக்கு?”

மணி அடித்துவிட்டது. அன்று அந்த மணி என்னைக் காப்பாற்றியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த வாரம் ஒரு வினாப்பட்டியல் தயாரித்துக் கொடுத்தேன். ஊரின் பெயர்க் காரணம் என்ன, ஊரின் சிறப்புகள் என்ன, முக்கியத் திருவிழா எது என்று பத்துக் கேள்விகள். முப்பது தாள்களிலும் ஏறக்குறைய ஒரே விடைதான் வந்தது: எங்கள் ஊர் இயற்கை எழில் நிறைந்தது, எங்கள் ஊர்க் கோயில் மிகவும் பழமையானது. தவறு பிள்ளைகளுடையது அல்ல. ‘சிறப்பு’ என்று கேட்டால் கட்டுரை நோட்டில் உள்ளதுதான் வரும். எனவே கேள்விகளை விட்டுவிட்டு, “வீட்டிலிருந்து பழைய பொருளோ, அர்த்தம் தெரியாத ஒரு சொல்லோ கொண்டு வாருங்கள்” என்றேன்.

ஒரு மாணவன் அட்டைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அவன் அம்மா ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவர். அட்டையில் ‘ஏஜிஇபி’ என்ற எழுத்துகள். விரித்தால் ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்’. சல்லடையில் 7 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நிற்கும் பருத்த பச்சைக் காய்க்கு உரிய தரப்பெயர் அது. காய் விளைவது மலையில், தரம் பிரிப்பதும் ஏலம் விடுவதும் போடியில். பிறகு கடற்கரை ஊரான ஆலப்புழையின் பெயர் இதில் எப்படி வந்தது?

இங்கேதான் பாடம் தொடங்கியது. ஏலமலைகள் திருவிதாங்கூர் அரசின் ஆளுகையில் இருந்தவை. ஆனால் அங்கே காடு திருத்தி ஏலம் பயிரிட்டவர்களில் பெரும்பகுதியினர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிப் பகுதியிலிருந்தும் மலையேறிய தமிழ்க் குடியானவர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஏலக்காய் வணிகம் அரசின் தனியுரிமையாக இருந்தது. விளைந்த காயை அரசிடம் ஒப்படைக்க வேண்டும்; அரசு அதை ஆலப்புழையில் விற்றது. அந்த முறை போய் நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. பெயர் மட்டும் சாக்கிலும் அட்டையிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இன்று நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், கேரளத்தின் புற்றடியிலும் நடக்கிறது. (ஏலக்காயை ஏலம் விடுகிறோம் என்பதில் வரும் இரண்டு ‘ஏல’மும் வேறு வேறு சொற்கள். இரண்டாவது போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. இதைச் சொன்னபோது வகுப்பு நம்பவில்லை.)

இன்னொரு பெண் கொண்டுவந்தது ஒரு சொல். குரங்கணிக்கு மேலே உள்ள ‘டாப் ஸ்டேஷன்’. ரயிலே இல்லாத மலைமுகட்டில் ஸ்டேஷன் எதற்கு?

1877இல் ஜே.டி. மன்றோ என்பவர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னாளில் அங்கே தேயிலைத் தோட்டங்கள் பெருகின. மூணாறிலிருந்து மலைமுகடு வரை தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவர 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது; 1908இல் அது குறுகிய ரயில் பாதையாக மாறியது. அந்தப் பாதை முடிந்த இடம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் பெட்டிகள் மலைச்சரிவில் இறங்கிக் கொட்டகுடிக்கு வரும். அதனால் கொட்டகுடிக்கு ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்று பெயர். அங்கிருந்து போடிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் மாட்டுவண்டிப் பயணம். 1924 ஜூலைப் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. அது மீண்டும் கட்டப்படவே இல்லை.

“மாட்டுவண்டியில் வந்த தேயிலை போடியில் ரயிலேறிக் கப்பலுக்குப் போனது” என்று நானும் பல இடங்களில் படித்திருந்தேன், வகுப்பிலும் அப்படியே சொன்னேன். பிள்ளைகளைக் கொண்டு கரும்பலகையில் காலக்கோடு வரையச் சொன்னபோதுதான் பிசகு தெரிந்தது. மதுரை–போடி ரயில் பாதை திறக்கப்பட்டது 1928இல். மேலே இருந்த ரயில் அழிந்தது 1924இல். இரண்டும் சந்திக்கவே இல்லை. “அப்போ போடிக்கு வந்த பெட்டி அப்புறம் எதுல சார் போச்சு?” என்று கடைசி வரிசையிலிருந்து கேட்டான் ஒருவன். சுண்டைக்காய் போன்ற ஒரு கேள்வி. அச்சில் வந்த ஒரு வாக்கியத்தை ஆண்டுகளை வைத்துச் சரிபார்க்கலாம் என்று அந்த வகுப்பு அன்று கற்றது. நானும்தான்.

போடி ரயிலுக்கே தனிக் கதை உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதன் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில்தான் ரயில் திரும்பியது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மறுபடி நின்று, 2023 ஜூனில் மீண்டும் வந்தது. இரண்டு முறை ரயிலை இழந்த ஊர். தாத்தா பாட்டிகளிடம் “ரயில் இல்லாத காலத்தில் மதுரைக்கு எப்படிப் போனீர்கள்?” என்று கேட்கச் சொன்னேன். ‘சிறப்பு’ பற்றிக் கேட்டபோது வாய் திறக்காத பெரியவர்கள் இதற்கு மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1538 முதல் ஒவ்வொரு திருச்சபைப் பகுதியிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வந்தார்கள். அதனால் அங்கே சின்னஞ்சிறு கிராமத்துக்கும் வரலாறு எழுத முடிகிறது. நம் மலையடிவாரக் கிராமங்களில் அப்படிப்பட்ட ஏடுகள் குறைவு. அதே நாட்டு அறிஞர் டபிள்யூ.ஜி. ஹாஸ்கின்ஸ், வேலி, பாதை, வயல் வரப்பு ஆகியவையே ஆவணங்கள் என்று 1955இல் எழுதிய நூலில் காட்டினார். நமக்கு உதவுவது இந்த வழிதான். நம்மிடம் பாதைகள் இருக்கின்றன, சொற்கள் இருக்கின்றன, நினைவுகள் இருக்கின்றன.

முதுவர் மக்களின் நினைவு அப்படிப்பட்டது. மதுரையிலிருந்து குழந்தைகளை முதுகில் சுமந்து மலையேறியதால் தங்களுக்கு அந்தப் பெயர் வந்ததாக அவர்களிடையே ஒரு மரபுக் கதை உண்டு. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளிலும் இது பதிவாகியிருக்கிறது. பெயர்க் கதையைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மக்கள் தங்களை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை அது சொல்கிறது, அதுவும் வரலாறுதான். ஆனால் வகுப்பில் முதுவர் குழந்தை இருந்தால், “நீ எழுந்து உங்கள் வழக்கத்தைச் சொல்” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் குழந்தை காட்சிப்பொருள் ஆகிவிடும். எல்லோரும் அவரவர் வீட்டுக் கதையைச் சொல்லும் நாளில் அதுவும் தானே சொல்லும்.

களப்பயணம் போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் பலர் இறந்தார்கள். வனத்துறை அனுமதி இல்லாமலும், கோடையிலும் பிள்ளைகளை மலைப்பாதையில் ஏற்ற வேண்டாம். கொட்டகுடி ஆற்றங்கரையில் நின்று மேலே காட்டினாலே போதும்.

முதலில் கேள்வி கேட்ட மாணவி இரண்டு வாரம் எதுவும் கொண்டுவரவில்லை. அவள் அம்மா விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். இருட்டிய பிறகே வீடு திரும்புவார். பேச நேரமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு எழுதியிருக்கிறாள். செடியின் தூரடியில் குனிந்து, சரத்தில் முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். பாட்டி காலத்தில் ஜீப் கிடையாது, நடைதான். போனால் வாரக்கணக்கில் மேலேயே தங்குவார்கள்.

கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: “என் அம்மா தினமும் வேறு மாநிலத்துக்குப் போய் வருகிறார்.” மாநில எல்லைக்கோட்டை நான் வேறு எப்படி நடத்தியிருக்க முடியும் என்று தெரியவில்லை. அதன் கீழே என்னிடம் ஒரு கேள்வியும் இருந்தது: “பாட்டி போன காலத்தில் செக்போஸ்ட் இருந்ததா சார்?”

அந்த நோட்டு இப்போது பள்ளி நூலகத்தில் இருக்கிறது. இந்த ஆண்டு ஆறாம் வகுப்பு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியிருக்கிறது.