எலியின் பதற்றத்தைப் புழுக்கையில் தேடுவது ஏன்?

ஆய்வுக்கூடத்துச் சுண்டெலி நலமாக இருக்கிறதா என்று அதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. பூனைக்கும் பாம்புக்கும் பருந்துக்கும் இரையாகும் பிராணி அது. வலியை வெளியே காட்டினால் முதலில் மாட்டிக்கொள்ளும். ஆகவே காட்டாது. அதனால்தான் ஆய்வாளர்கள் அதன் உடலில் சுரக்கும் ஹார்மோனை அளக்கிறார்கள்.

பயமோ வலியோ வந்தால் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்டும். பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும். மனிதர், நாய், குரங்கு ஆகியோரிடம் அங்கிருந்து முக்கியமாகச் சுரப்பது கார்டிசோல். எலிகளிடம் கார்டிகோஸ்டிரோன்.

ரத்தத்தில் பார்த்தால் போதாதா? போதாது. எலியைக் கையில் பிடித்த இரண்டு மூன்று நிமிடங்களிலேயே ரத்தத்தில் ஹார்மோன் ஏறத் தொடங்கிவிடும். கொஞ்சம் தாமதித்தாலும் நீங்கள் அளப்பது எலியின் வாழ்க்கையை அல்ல, உங்கள் ஊசியைக் கண்டு அது அடைந்த பயத்தை. போதாக்குறைக்கு, முழு எலிக்கும் சேர்த்தே ஒன்றரை, இரண்டு மில்லி ரத்தம்தான். அடிக்கடி எடுக்கவும் முடியாது.

எனவே புழுக்கை. ரத்தத்தில் சுற்றிய கார்டிகோஸ்டிரோன் கல்லீரலில் சிதைந்து, அந்தச் சிதைபொருட்கள் மலத்தோடு வெளியேறுகின்றன. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ரூபர்ட் பால்மே குழுவினர் இவற்றை அளக்கும் முறையைச் சுண்டெலிகளுக்கு வகுத்துத் தந்தார்கள். பதற்றத்தின் தடயம் புழுக்கையில் உச்சம் தொட, பகலில் சுமார் 10 மணி நேரமும் இரவில் சுமார் 4 மணி நேரமும் ஆகும். எலி இரவில் ஓடியாடித் தின்னும் பிராணி என்பதால் குடலும் அப்போதுதான் வேகமாக வேலை செய்யும். எலியைத் தொடாமலே மாதிரி கிடைக்கிறது. ஒரு நொடியின் அளவாக இல்லாமல் சில மணி நேரத்தின் கணக்காகவும் அது இருக்கிறது. ஒரே கூண்டில் நான்கைந்து எலிகள் இருந்தால் எது யாருடைய புழுக்கை என்று பிரிப்பதுதான் தலைவலி.

இந்த ஹார்மோன் எதையெல்லாம் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு 2014-ல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். அறையில் ஆண் ஆய்வாளர் இருந்தாலே, ஏன், ஆண் அணிந்த பனியனின் வாடை வந்தாலே எலிகளுக்குப் பதற்றம் கூடியது. குறுகிய குழாய்க்குள் 15 நிமிடம் அடைத்து வைப்பதற்கு நிகரான பதற்றம் அது! பெண் ஆய்வாளர்களிடம் அப்படி நேரவில்லை. கூண்டருகே நின்றவர் யார் என்பதே சோதனையின் முடிவை மாற்றிவிடக்கூடும்.

ஆனாலும் ஹார்மோன் ஏறினால் துன்பம், இறங்கினால் சுகம் என்று கணக்குப் போடக் கூடாது. இணை சேரும்போதும் ஓடி விளையாடும்போதும்கூட அது ஏறும். எந்தத் தொந்தரவும் இல்லாத நாளிலும், இருட்டப்போகும் நேரத்தில் தானாகவே உயரும். இதைவிடச் சிக்கலானது இன்னொன்று: நெடுநாள் துன்பப்பட்ட விலங்கின் உடல் பழகிப்போய், அளவு சாதாரணமாகவே தெரியலாம். அதன் நடத்தை, எடை, கூடு கட்டும் விதம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

‘ஹார்மோன் கூடவில்லை, ஆகவே விலங்குகளுக்குத் துன்பமில்லை’ என்று எங்காவது படித்தால், மாதிரி எது, எந்த நேரத்தில் எடுத்தார்கள், கூடவே வேறு என்ன கவனித்தார்கள் என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் அந்த முடிவை நம்ப வேண்டியதில்லை.