பாகம் பிரிந்த பங்காளிகள்

"குரங்கிலிருந்துதான் மனுஷன் வந்தான்னா, இன்னும் ஏன் சார் குரங்கு இருக்கு?" பரிணாமப் பாடம் எடுத்த ஆசிரியர் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க மாட்டார். கேட்கிற பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. தப்பு, நாம் சொல்லிக்கொடுக்கும் வாக்கியத்தில் இருக்கிறது. பழநிப் படிக்கட்டில் தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் நாட்டுக்குரங்கு நமக்குப் பாட்டன் முறை ஆகாது. எப்போதோ பாகம் பிரிந்து போன தூரத்துப் பங்காளி. பெரியப்பா பிள்ளைகள் இருக்கும்போது நாம் எப்படிப் பிறந்தோம் என்று யாராவது கேட்பார்களா?

உறவுக்கு அத்தாட்சி அதன் கையில் இருக்கிறது. பூனைக்குள்ள வளைந்த கூர்நகம் அதற்குக் கிடையாது. நம்மைப் போலவே தட்டை நகம், விரல் நுனியில் ரேகை. கண்கள் இரண்டும் முன்னோக்கி இருக்கின்றன. கிளைக்குக் கிளை தாவுகிற பிராணி, தூரத்தைத் தப்பாகக் கணித்தால் விழ வேண்டியதுதான்.

இந்தக் குடும்பத்துக்கு 'பிரைமேட்' (முதனி) என்று 1758இல் பெயர் வைத்தவர் ஸ்வீடனின் லின்னேயஸ். மனிதனையும் குரங்கோடு ஒரே பட்டியலில் சேர்க்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது. வௌவாலையும் கூடச் சேர்த்தார். அது பிறகு நீக்கப்பட்டது.

இன்றைய பட்டியலில் இரண்டு பெருங்கிளைகள். ஈரமூக்குக் கிளையில் மடகாஸ்கரின் லெமூர்களும் நம் தேவாங்கும் வரும். கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூர் மலைக்காட்டில் இரவில் உலாவும் தேவாங்கின் காலைப் பார்த்தால் வேடிக்கை: இரண்டாம் விரலில் மட்டும் கூர்நகம், ரோமம் கோதிக்கொள்ள. உலர்மூக்குக் கிளையில் டார்சியர், குரங்குகள், வாலில்லாக் குரங்குகள். கிப்பன், ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, போனபோ என்று போகும் அந்தக் கடைசி வரிசையில்தான் நாமும் இருக்கிறோம். வால் போய்விட்டது, அதன் மிச்சமான வாலெலும்பு, வழுக்கி உட்கார்ந்து விழும்போது தன் இருப்பைச் சொல்லும்.

சிம்பன்சியின் வழியும் நம் வழியும் பிரிந்து ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிந்திய நம் பக்கத்து உறவினர்களில் பிரபலமானவள் 'லூசி'. 1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்த, சுமார் 32 லட்சம் ஆண்டு பழைய எலும்புக்கூடு. உயரம் மூன்றரை அடி. மூளை சிம்பன்சியுடையதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இடுப்பெலும்பும் முழங்காலும் நிமிர்ந்து நடந்தவளுடையவை. 'முதலில் மூளை பெருத்தது, பிறகே மனிதன் நிமிர்ந்தான்' என்று நம்பியவர்களின் கணக்கு தலைகீழானது.

எலும்பு போதாது என்பவர்களுக்குக் கால்தடமே உண்டு. தான்சானியாவின் லயடோலியில் எரிமலைச் சாம்பல் மழையில் நனைந்து கிடந்தபோது யாரோ அதன்மேல் நடந்து போயிருக்கிறார்கள். சாம்பல் இறுகித் தடம் தங்கிவிட்டது. 1978இல் மேரி லீக்கியின் குழு கண்டெடுத்த அந்தத் தடங்களுக்கு வயது சுமார் 36 லட்சம் ஆண்டுகள். சிம்பன்சியின் பாதத்தில் கிளையைப் பற்ற விலகி நிற்கும் பெருவிரல், அவற்றில் மற்ற நான்கு விரல்களோடு முன்னோக்கிப் பதிந்திருக்கிறது.